விற்றமினும் புற்றுநோயும்: சான்றா, சான்றோர் வாக்கா?

விற்றமின்கள் புற்றுநோயைத் தீர்க்குமா என்னும் வினா மருத்துவ பீடத்துக்கு மட்டுமே உரியதெனக் கருதி ஏனையோர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆயின், அவ்வினாவைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நிகழ்ந்துவரும் விவாதத்தைக் கூர்ந்து நோக்குமிடத்து, அதன் மையத்தில் இருப்பது இரசாயனம் மட்டுமன்று என்பது புலனாகும். ஒரு கூற்றை எதனால் மெய்யெனக் கொள்வது என்னும் அளவையியற் பிரச்சினையே அதன் அடிப்படையாகும். கூறியவரின் பெருமையால் ஒரு கூற்று மெய்யாகுமா? அவர் எதிர்ப்புக்கு உள்ளானமையால் மெய்யாகுமா? கூறப்பட்ட பொருள் இயற்கையானது, தீங்கற்றது, மக்களால் விரும்பப்படுவது என்பதால் மெய்யாகுமா? இம்மூன்று வினாக்களுக்கும் 'ஆம்' என விடையிறுப்போர் தொகை இன்றும் குறைந்தபாடில்லை. அவ்விடை தவறானது என்பதும், அத்தவறுக்கான விலையைச் செலுத்துவோர் எழுதுவோரோ பேசுவோரோ அல்லர், நோயாளரே என்பதும் உரத்துக் கூறப்படவேண்டியனவாகும்.

வேல் ஒஃப் லெவன் ஆய்வு

லைனஸ் போலிங் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இரசாயனவியலாளருள் ஒருவர். இரசாயனப் பிணைப்பின் இயல்பை ஆராய்ந்தமைக்காக 1954 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசையும், அணுவாயுதப் பரிசோதனைகளை எதிர்த்து நின்றமைக்காக 1962 ஆம் ஆண்டுக்குரிய சமாதானப் பரிசையும் பெற்றவர். எவருடனும் பகிர்ந்துகொள்ளாது இரு நோபல் பரிசுகளைப் பெற்றவர் அவர் ஒருவரே. அரசியற் கருத்துக்களின் பொருட்டு 1952 இல் அமெரிக்க அரசு அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க மறுத்தது. எனவே, அறிவாற்றலும் நெஞ்சுரமும் ஒருங்கமைந்தவர் என்ற மதிப்பு அவருக்கு உலகெங்கும் நிலவியதில் வியப்பில்லை. 1970 இல், தடிமனுக்கு விற்றமின் சி மருந்தாகும் என வலியுறுத்தி அவர் எழுதிய நூல் பெரும் விற்பனை கண்டது. அதனையடுத்து அவருடைய கவனம் புற்றுநோயின்பாற் சென்றது.

ஸ்கொட்லாந்தில் வேல் ஒஃப் லெவன் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய இவன் கமரன் என்பார், 1971 இல் தொடங்கி, முற்றிய நிலைப் புற்றுநோயாளருக்கு விற்றமின் சியைப் பேரளவில் வழங்கிவந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் கொடுக்கப்பட்டது. ஒருவரின் அன்றாடத் தேவை ஏறத்தாழ 100 மில்லிகிராமே என்பதை நோக்க, இது அதன் நூறு மடங்காகும். தொடக்க நாட்களில் நாளத்தினூடாகவும் பின்னர் வாய்வழியாகவும் அது செலுத்தப்பட்டது. 1976 இல் கமரனும் போலிங்கும் வெளியிட்ட ஆய்வு இவ்வாறு விற்றமின் பெற்ற 100 நோயாளரை, அது பெறாத 1,000 நோயாளருடன் ஒப்பிட்டது. பின்னையோரின் விபரங்கள் பழைய வைத்தியசாலைப் பதிவேடுகளினின்றும் திரட்டப்பட்டவை. இனிச் சிகிச்சையில்லை எனக் கைவிடப்பட்ட நாளிலிருந்து கணக்கிடுமிடத்து, முன்னையோர் சராசரியாக 210 நாட்களும் பின்னையோர் 50 நாட்களும் வாழ்ந்தனர் என்று அவ்வாய்வு கூறிற்று. நான்கு மடங்கு ஆயுள்! பத்திரிகைகள் இதனைப் பெருஞ்செய்தியாக வெளியிட்டன.

இவ்வொப்பீட்டின் குறைபாட்டை உணர்வதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. 'கைவிடப்பட்ட நாள்' எது என்பதே இங்கு முழுக் கணக்குக்கும் அடித்தளம். விற்றமின் பெறவிருந்தவரை அந்நிலையில் உள்ளவரெனத் தீர்மானித்தவர், அவருக்கு மருந்து கொடுக்க விரும்பிய வைத்தியரே. ஏனையோருக்கு அந்நாள் பழைய ஏடுகளினின்றும் பின்னர் ஊகிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் சற்று முன்னதாகவும் மறுபகுதியினர் சற்றுப் பிந்தியும் 'கைவிடப்பட்டோர்' ஆக்கப்பட்டிருப்பின், மருந்து எதனையும் செய்யாதிருக்கையிலும் முன்னையோர் நெடுநாள் வாழ்ந்ததாகவே கணக்கு காட்டும். இரு ஓட்டக்காரரை வெவ்வேறு கோடுகளில் நிறுத்திவிட்டு, எல்லையை எட்டிய நேரத்தைக் கொண்டு வேகத்தை அளத்தற்கு இஃது ஒப்பாகும். 1978 இல் ஒப்பீட்டுக் குழுவை ஓரளவு மாற்றியமைத்து அவர்கள் மீண்டும் கணக்கிட்டனர். ஆயினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. எழுமாற்றாக இரு குழுக்களைப் பிரித்து, எவருக்கு மருந்து, எவருக்கு வெற்றுமருந்து என்பதை நோயாளரோ வைத்தியரோ அறியாவண்ணம் நடத்தும் சோதனையே அக்குறையை நீக்கவல்லது. கொடிய நோயினருக்கு வெற்றுமருந்து கொடுத்தல் அறமன்று எனக் கமரன் கருதினார். அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் மருந்து பயன் தருகின்றது என்பதை ஏற்கெனவே அறிந்திருந்தால் மட்டுமே அதனை மறுத்தல் அறமற்றதாகும். நிறுவப்படவேண்டியதையே நிறுவப்பட்டதாகக் கொண்டு தொடங்குவது வாதமாகாது.

விற்றமின் சியின் வரலாறே ஓர் ஒப்பீட்டுச் சோதனையை முன்னோடியாகக் கொண்டது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயால் வருந்திய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருட்களை உண்ணக் கொடுத்தார். தோடையும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவ்விருவரின் தேறுதலுக்குப் பொருள் தந்தது ஏனைய பத்துப் பேரின் தேறாமையே. அப்பதின்மரை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு கப்பற்கதை மட்டுமே.

மேயோவின் மறுமொழி

ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வேர்ட் கிறீகன், சாள்ஸ் மோர்ட்டல் முதலியோர் நடத்திய முதலாவது எழுமாற்றுச் சோதனையின் முடிவு 1979 இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட 123 பேருள் 60 பேர் நாளொன்றுக்கு 10 கிராம் விற்றமின் சியும், 63 பேர் வெற்றுமருந்தும் பெற்றனர். இரு குழுவினரின் ஆயுளிலும் வேறுபாடு காணப்படவில்லை. இந்நோயாளருட் பெரும்பாலோர் முன்னரே இரசாயனச் சிகிச்சை பெற்று நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் எனப் போலிங் ஆட்சேபித்தார். ஆட்சேபம் நியாயமானதே. ஆகவே, அத்தகைய சிகிச்சை பெறாத, பெருங்குடற் புற்றுநோய் முற்றிய 100 பேரைக்கொண்டு இரண்டாவது சோதனை நடத்தப்பட்டது. 1985 இல் வெளியான அதன் முடிவும் முன்னையதைப் போன்றதே. இம்முறை, நோய் வளரத் தொடங்கியதும் விற்றமின் நிறுத்தப்பட்டது. கொடுக்கப்பட்ட காலம் போதாது. திடீர் நிறுத்தமே கேடு விளைத்தது என்று போலிங் வாதிட்டார். மேயோ ஆய்வாளரை அவர் மிகக் கடுமையாகச் சாடினார்.

ஓர் ஆய்வுக்கு ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. ஆனால் எந்தச் சோதனை எதிர்மறை முடிவைத் தரினும் அதற்கேற்பப் புதியதோர் ஆட்சேபம் தோன்றுமாயின், அக்கூற்று எத்தகைய அனுபவத்தாலும் பொய்ப்பிக்கப்பட முடியாத ஒன்றாகி நம்பிக்கையின் எல்லைக்குள் புகுந்துவிடுகின்றது. எந்த முடிவு வந்தால் தமது கருத்தைக் கைவிடுவார் என்பதைச் சோதனைக்கு முன்னரே தெரிவிப்பது ஆய்வாளனின் கடன். போலிங் அதனைச் செய்தாரல்லர்.

போலிங்கின் மனைவியார் ஏவா ஹெலன் 1981 இல் இரைப்பைப் புற்றுநோயாலும், போலிங் 1994 இல் தமது 93 ஆவது வயதில் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயாலும் காலமாயினர். இதனை எடுத்துக்காட்டி எள்ளிநகையாடுவோர் உளர். அவர்களும் அதே தவற்றையே இழைக்கின்றனர். விற்றமின் உண்டு பிழைத்த ஒருவரின் கதை சான்றாகாதெனின், விற்றமின் உண்டு இறந்த இருவரின் கதையும் சான்றாகாது.

மேதைமையும் எதிர்ப்பும்

தமிழர் தத்துவ மரபில் அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்துரைக்கப்படும். உரையளவை என்பது பெரியோர் வாக்கு எதனையும் கண்மூடி ஏற்றலன்று. பொருளை உள்ளவாறு அறிந்தவனும் வஞ்சனையற்றவனுமாகிய ஒருவனின் வாக்கே அளவையாகும். இவ்விரு தகுதிகளையும் போலிங்கின்மீது பொருத்திப் பார்க்கலாம். அவர் வஞ்சனையற்றவர் என்பதில் ஐயமில்லை. தாம் கூறியதை முழுமையாக நம்பினார், தாமே நாள்தோறும் உட்கொண்டார். ஆனால் அப்பொருளை அவர் அறிந்திருந்தாரா? மூலக்கூற்றின் அமைப்பை அறிதல் ஒன்று, அம்மூலக்கூறு நோயுற்ற மனித உடலில் விளைவிக்கும் பயனை அறிதல் பிறிதொன்று. முன்னையதில் ஈட்டிய பெருமையைப் பின்னையதில் செலவிட முடியாது. அறிவுலகில் ஒரு துறையின் நாணயம் மற்றொரு துறையில் செல்லுபடியாவதில்லை.

மேதைமைவாதம் தோற்குமிடத்து எதிர்ப்புவாதம் தலைதூக்கும். கலிலியோவையும் எதிர்த்தார்கள், போலிங்கையும் எதிர்த்தார்கள், எனவே போலிங்கும் கலிலியோவே என்பது அதன் சாரம். எதிர்க்கப்பட்ட கலிலியோக்களை வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. எதிர்க்கப்பட்டுத் தவறென நிரூபணமான ஆயிரக்கணக்கானோரை அது மறந்துவிட்டது. எதிர்ப்பு உண்மையின் அடையாளமாயின் பூமி தட்டையானது என்போரே இன்றைய மெய்ஞ்ஞானியராவர்.

மேலும், மருத்துவ உலகம் விற்றமின்கள்மீது கொண்ட பகைமையினால் உண்மையை மறைக்கின்றது என்னும் குற்றச்சாட்டுக்கு வரலாறே மறுப்பாக அமைகின்றது. விற்றமின் ஏ இன் வழிப்பொருளாகிய ஒருவகை றெற்றினோயிக் அமிலத்தைச் சீனாவின் ஷங்காய் நகரில் வாங் சென்யியும் அவருடைய சகாக்களும் கொடிய குருதிப் புற்றுநோய் வகையொன்றுக்குக் கொடுத்தனர். 1988 இல் வெளியான அவர்களது ஆய்வில் 24 நோயாளரும் நோயின் அறிகுறிகள் முற்றாக நீங்கப்பெற்றனர். அப்பொருள் விற்றமினின் குடும்பத்தைச் சார்ந்தது. ஆய்வு மேலைநாட்டுப் பெரும் நிலையங்கள் எவற்றிலும் நிகழ்ந்ததன்று. எனினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே பிரான்சும் அமெரிக்காவும் அதனை மீளச் சோதித்து ஏற்றுக்கொண்டன. இன்று ஆசனிக்குச் சேர்வையுடன் அதனை வழங்குமிடத்து அந்நோயினருட் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சதி உண்மையாயின் இம்மருந்தன்றோ முதலில் மறைக்கப்பட்டிருத்தல் வேண்டும்? மறைக்கப்படாமைக்குக் காரணம் ஒன்றே: எவர் சோதித்தாலும் அது பயன் தந்தது.

இயற்கை என்னும் மயக்கம்

"பயன் தராவிடினும் கேடில்லையே, இயற்கைப் பொருள்தானே" என்பது அடுத்த அரண். இதனைத் தகர்ப்பதற்கு மூன்று வரலாறுகள் போதும்.

முதலாவது, ஃபோலிக் அமிலத்தின் வரலாறு. பொஸ்ரன் நகரில் சிட்னி ஃபாபர் என்னும் வைத்தியர் 1940களின் பிற்பகுதியில் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இந்த விற்றமினின் சேர்வைகளைக் கொடுத்தபோது, நோய் தணிவதற்கு மாறாக விரைவு பெறுவதாக அவதானித்தார். அதனால், அவ்விற்றமினின் செயலைத் தடுக்கும் அமினொப்ரெறின் என்னும் பொருளைப் பயன்படுத்தினார். 1948 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 16 குழந்தைகளுள் 10 பேர் தற்காலிகமாகவேனும் தேறினர். நவீன இரசாயனச் சிகிச்சையின் தோற்றுவாய்களுள் ஒன்று இதுவே. விற்றமினைக் கொடுத்தன்று, அதனைத் தடுத்தே அங்கு நோய் தணிக்கப்பட்டது என்பதை 'விற்றமின்' என்ற சொல்லிலேயே நலம் உறைந்திருப்பதாக எண்ணுவோர் சிந்தித்தல் வேண்டும். உடலின் கலங்கள் வளர வேண்டுவனவற்றைப் புற்றுக்கலங்களும் வேண்டுகின்றன; சத்து நண்பன் பகைவன் எனப் பகுத்தறிந்து ஊட்டுவதில்லை.

இரண்டாவது, பீற்றா கரோட்டினின் வரலாறு. இது சிகிச்சை பற்றியதன்று, தடுப்புப் பற்றியது. காய்கறிகளை நிரம்ப உண்போரிடையே நுரையீரற் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டமையால், அவற்றிலுள்ள பீற்றா கரோட்டினே காக்கும் பொருளென நம்பப்பட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக்கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1994 இல் வெளியானது. பீற்றா கரோட்டின் பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் மிகுந்திருந்தது. புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளரும் உள்ளிட்ட 18,314 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையில் அதிகரிப்பு 28 வீதமாகக் காணப்பட்டது. 1996 இன் தொடக்கத்தில் மாத்திரை வழங்குவது இடைநடுவில் நிறுத்தப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருப்பின் இக்கேட்டினை எவரும் கண்டிருக்கமாட்டார். புகைபிடிப்போருக்கு நுரையீரற் புற்றுநோய் வருவது எதிர்பார்க்கத்தக்கதே என்று கூறி, மேலும் மாத்திரைகளை விழுங்கக் கொடுத்திருப்பர்.

மூன்றாவது, லெயற்றில் என்பதன் வரலாறு. அப்பிரிக்கொட் பழவிதையில் உள்ள அமிக்டலின் என்னும் பொருளோடு தொடர்புடைய இதற்கு 'விற்றமின் பி 17' என்ற பெயர் சூட்டப்பட்டது. அதனை உண்ணாமையால் எந்நோயும் விளைவதில்லை. ஆதலால் அது விற்றமினே அன்று. எனினும் அப்பெயர் விற்பனைக்கு உதவியது. 1982 இல் வெளியான மேயோ முதலிய நிலையங்களின் ஆய்வில் 178 நோயாளருக்கு அது வழங்கப்பட்டது. குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. சிலருடைய குருதியில் சயனைட்டின் அளவு ஆபத்தை நெருங்கியிருந்தது. இயற்கையின் விதையிலும் நஞ்சு உண்டு.

எவருடைய சுதந்திரம்?

லெயற்றிலுக்கு ஆதரவாக அமெரிக்காவில் எழுந்த இயக்கம் அறிவியல் மொழியைக் கைவிட்டு அரசியல் மொழியைக் கைக்கொண்டது. 'தெரிவுச் சுதந்திரம்' அதன் முழக்கமாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதன் பாவனைக்குச் சட்ட அனுமதி வழங்கின. மரணத்தறுவாயில் உள்ளவருக்கு எந்த மருந்தாயினும் கேடில்லை என்ற வாதம் உயர்நீதிமன்றம்வரை சென்றது. மருந்துகள் பாதுகாப்பும் பயனும் உடையனவாதல் வேண்டும் என்ற சட்டம் மரணத்தறுவாயில் உள்ளோருக்கும் பொருந்தும் என 1979 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் அறநெறி ஆழமானது. சாகப்போகின்றவன் என்பதனால் ஒருவன் உண்மையைப் பெறும் உரிமையை இழந்துவிடுவதில்லை. அவனுக்கு எஞ்சியுள்ள நாட்களும் பணமும் நம்பிக்கையும் பிறர் கொள்ளையிடுவதற்குரியன அல்ல.

தெரிவு என்பது அறிந்து தெரிவதாகும். தவறான விபரத்தை ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு, "நீரே தெரிவு செய்யும்" என்பது சுதந்திரமன்று, வணிகம். 1994 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட உணவுச் சேர்மானச் சட்டம், விற்றமின் முதலியவற்றை விற்போர் அவற்றின் பயனை முன்கூட்டியே நிறுவவேண்டிய கடப்பாட்டினின்றும் அவர்களை விடுவித்தது. நோயைத் தீர்க்கும் எனப் போத்தலிற் பொறிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் போத்தலிற் பொறிக்கப்படாததை நூலும் சஞ்சிகையும் மேடையும் கூறிவிடுகின்றன.

இதன் விளைவு வெறும் பணவிரயமாக இருந்திருப்பின் இவ்வளவு கண்டனம் வேண்டியதில்லை. 2018 இல் வெளியான யேல் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வொன்று, குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு வழமையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழமையான சிகிச்சை பெற்றோருடன் ஒப்பிட்டது. முன்னையோரின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காகக் காணப்பட்டது. சத்திரசிகிச்சையால் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர், கட்டி பரவும்வரை காத்திருப்பதற்கு ஏதுவாகும் எந்தப் பொருளும் தீங்கற்றதாகாது. அப்பொருள் தூய நீராக இருப்பினும் இக்கூற்று மாறாது.

மூடப்பட்ட கதவு

இத்தனையும் கூறிய பின்னர் மருத்துவ நிறுவனங்களின் தரப்பையும் உரைத்துப் பார்த்தல் நேர்மையாகும். 1985 இன் பின்னர் விற்றமின் சி பற்றிய விவாதம் முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் கருதினர். ஆனால் கமரன் தமது நோயாளருக்கு அதனைத் தொடக்கத்தில் நாளத்தினூடாகச் செலுத்தினார். மேயோவினர் வாய்வழியாக மட்டுமே கொடுத்தனர். இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை அன்று இரு தரப்பினரும் உரியவாறு உணரவில்லை. வாய்வழி உட்கொள்ளும் விற்றமின் சியை உடல் ஓர் எல்லைக்குமேல் ஏற்பதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட கணிப்பின்படி, எவ்வளவு விழுங்கினும் குருதியில் அதன் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 220 மைக்குறோமோலுடன் நின்றுவிடும். 50 கிராமை நாளத்தினூடாகச் செலுத்துமிடத்து அது 13,000 ஐயும் தாண்டும். ஆகவே மேயோவின் சோதனைகள் வாய்வழி விற்றமின் பயனற்றது என்பதை நிறுவின; நாளவழி பற்றி அவை எதனையும் கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாளாவிருந்தது நிறுவனங்களின் குற்றமாகும். அங்கும் 'மேயோ கூறிற்று' என்னும் உரையளவையே ஆட்சி செய்தது.

பின்னர் ஆய்வு மீண்டும் தளிர்த்தது. மிகு செறிவில் விற்றமின் சி ஐதரசன் பேரொட்சைட்டைத் தோற்றுவித்துப் புற்றுக்கலங்களை அழிக்கக்கூடும் என 2005 இல் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது. சீனாவில் பரவிய பெருங்குடற் புற்றுநோயாளர் 442 பேரைக்கொண்டு நடந்து 2022 இல் வெளியான எழுமாற்றுச் சோதனை, இரசாயனச் சிகிச்சையுடன் நாளவழி விற்றமின் சியைச் சேர்த்தும் ஒட்டுமொத்தத்தில் நோயின் வளர்ச்சி பின்தள்ளப்படவில்லை எனக் கண்டது. மாறாக, அயோவாப் பல்கலைக்கழகத்தில் பரவிய சதையிப் புற்றுநோயினர் 34 பேரைக்கொண்டு நடந்து 2024 இல் வெளியான சோதனையில், இரசாயனச் சிகிச்சையுடன் அதனையும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்தது. இது கருத்திற் கொள்ளத்தக்க பெறுபேறே. எனினும் 34 என்பது சிறு தொகை. பெருந்தொகையினரிடையே மீளச் சோதிக்கப்படும்வரை அதனை முடிந்த முடிபெனக் கொள்ளலாகாது.

"அங்ஙனமாயின் போலிங் கூறியது சரிதானே" என்று துள்ளியெழுவோருக்கு ஒன்று கூறவேண்டும். போலிங் நாளந்தோறும் விழுங்கச் சொன்னார். இன்று ஆராயப்படுவது வைத்தியசாலையில் நாளத்தினூடாகச் செலுத்துவது. உடலின் எதிர்ப்பாற்றலும் இழையங்களும் வலுப்பெறும் என்று அவர் விளக்கினார். இன்று ஆராயப்படுவது கலத்தையழிக்கும் ஒட்சியேற்றம். இரசாயனச் சிகிச்சை தமது மருந்தின் பயனைக் கெடுக்கும் என்பது அவர் ஆட்சேபம்; அயோவாவில் அவ்விரண்டும் சேர்த்தே வழங்கப்பட்டன. அவர் காட்டிய திசையில் நாளை ஏதேனும் கிட்டினும், அதனைக் கண்டடைந்த பெருமை சோதனை முறைக்கே உரியது. தற்செயலாகப் பலித்த கூற்று அறிவாகாது.

அவுஸ்திரேலியச் சமூகவியலாளர் ஈவ்லீன் ரிச்சட்ஸ் இவ்விவாதம் குறித்து 1991 இல் விரிவானதொரு நூலை வெளியிட்டார். மருத்துவச் சோதனைகள் சமூகச் சார்பற்ற நடுவர்கள் அல்ல, அதிகாரப் போட்டியின் களங்களே என்பது அவர் நிலைப்பாடு. கலைப்பீடங்களில் இத்தகைய கருத்துக்களுக்குக் கவர்ச்சி மிகுதி. எதனைச் சோதிப்பது, எவர் செலவில் சோதிப்பது, எப்போது போதுமென நிறுத்துவது என்பன அதிகாரத்தால் தீர்மானிக்கப்படுகின்றன என்பது உண்மை. அதற்கு மேலே கூறிய இருபது ஆண்டு மௌனமே சான்று. ஆனால் வினாவைத் தெரிவது அதிகாரமாயினும் விடையைத் தருவது அதிகாரமன்று. பீற்றா கரோட்டினைச் சோதித்தோர் அது நன்மை தரும் என எதிர்பார்த்தே தொடங்கினர். சோதனை அவர்களுடைய எதிர்பார்ப்புக்கு எதிரான விடையையே தந்தது. தன்னை நடத்துவோரின் விருப்பத்துக்கு எதிராகவும் பேசவல்ல ஒரு முறையை வெறும் அதிகாரக் கருவியென ஒதுக்குவது, எளியோரின் கையிலுள்ள ஒரே படைக்கலத்தைப் பறிப்பதாகும்.

செய்யத்தக்கது

எனவே போராட்டம் சோதனை முறைக்கு எதிராக அன்று, அம்முறை இலாபத்துக்குக் கட்டுண்டு கிடப்பதற்கு எதிராகவே நடத்தப்படல் வேண்டும். விற்றமின் சி மலிவான, எவரும் ஆக்கவுரிமம் கோரமுடியாத பொருள். கோடிக்கணக்கில் செலவிட்டு அதனைச் சோதிப்பதால் எந்த மருந்துக் கம்பனிக்கும் ஆதாயமில்லை. ஆனால் சோதியாமலே போத்தலில் அடைத்து விற்பதில் ஆதாயம் உண்டு. சோதிப்பதற்கு எவருமின்றி விற்பதற்குப் பலர் இருக்கும் இந்நிலையே இவ்விவாதம் ஐம்பது ஆண்டுகளாக முடிவுறாமைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். இலாபம் தராத பொருட்களையும் பொதுப்பணத்தில், பொதுநிறுவனங்கள் மூலம், ஐயத்துக்கிடமற்ற முறையில் சோதித்தல் அரசுகளின் கடமை. வறிய நாடுகளுக்கு இது இருமடங்கு பொருந்தும். பயன் தரும் மலிவான மருந்து அவற்றுக்கே பெரிதும் வேண்டப்படுவது. பயனற்ற மருந்துக்காகும் செலவை அவற்றின் மக்களே தாங்கமாட்டார்.

பல்கலைக்கழகம் இவ்விடயத்தில் ஆற்றக்கூடிய பணியும் உண்டு. எழுமாற்றுச் சோதனை, ஒப்பீட்டுக் குழு, வெற்றுமருந்து என்னும் எண்ணக்கருக்கள் பொதுமக்களின் தமிழில், பத்திரிகையிலும் பாடசாலையிலும் வழங்கவேண்டும். "எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? எவருடன் ஒப்பிட்டார்கள்? எவ்வழியாகக் கொடுத்தார்கள்?" என்னும் மூன்று வினாக்களை எழுப்பத் தெரிந்த சமூகத்தில், பரிசு பெற்றவரின் பெயரும் வைத்தியசாலையின் புகழும் விளம்பரத்தின் பகட்டும் ஒருங்கே வலுவிழக்கும். நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் எவராயினும் அவருக்குக் கொடுக்கவேண்டியது சான்றோரின் வாக்கன்று, சான்று. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதனைத் தேடித் தரும் கடன் அறிவுலகத்துக்கு உண்டு.